காய்ந்த குப்பை

— இன்று முதல் நம் ஊரில் குப்பை என்ற சொல்லே கிடையாது! மேலைநாடுகள் வியக்க, குப்பையை எரித்து, நீராவி எழுப்பி, மின்சாரம் காணும் முதல் பஞ்சாயத்து நமது பஞ்சாயத்து! எப்படி மொக்கையா, பேச்சு?

— பேச்சு நல்லாருக்கு, பிரசிடெண்டண்ணே. அடுப்புதான் பத்த மாட்டேங்குது.

— என்னய்யா சொல்ற? மந்திரி கார் திருமங்கலம் தாண்டிருச்சாம். வந்து எறங்கயில பல்பு எரியணும்.

— உள்ள கிடக்கறது பூராம் கல்யாண வீட்டு எச்சி இலை. ரசம் சொட்டுது. எரியலண்ணே, வேகுது.

— மிஷின் வித்தவன் படத்துல காட்டுனப்ப தகதகன்னு எரிஞ்சுச்சே?

— அது சீமைக்காரன் குப்பை. அவன் அட்டைப்பெட்டியத் தூக்கிப் போடுறான். நம்ம சனம் எதைப் போடுது? காகிதம் கடலைக்கடைக்குப் போயிருது. சிரட்டை இஸ்திரிக்கு. சருகு வெந்நீர் அடுப்புக்கு. எதுக்கும் ஆகாததுதான் தெருவுக்கு வருது.

— அடுத்த மாசம் எலெக்‌ஷன்யா! பல்பு எரியலைன்னா என்னை எதுத்து நிக்கிற சோணை இதை வச்சே ஓட்டுக் கேட்டு ஜெயிச்சுருவான். ஆமா, அந்த மூலையில என்ன, மூணு சாக்கு?

— அது... அது வேணாம்ணே.

— காய்ஞ்சதா?

— மொறுமொறுன்னு இருக்கு.

— குப்பைதான?

— குப்பைதான். காலையில வீடு வீடாப் போயி, காய்ஞ்ச குப்பை இருந்தாக் குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாக.

— மக்கள் மனமுவந்து குடுத்ததை ஒளிச்சா வைக்கிற? கொட்டு!

— ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே.

— நான் எதுக்குப் பாக்கணும்? வெள்ளை வேட்டியில கரி பட்டுரும். கொட்டுய்யா!

— கொட்டிட்டேன்.

— யாத்தாடி, என்னா சுவாலை!

— பொறுங்க, மீட்டர் முள்ளு ஏறட்டும். ஆவி பத்தலை... ஏறுது... ஆங், வால்வைத் திருகிட்டேன்.

— எரிஞ்சுருச்சு! பல்பு எரிஞ்சுருச்சு மொக்கையா! வெளிய கைதட்டுறாக, கேக்குதா? மக்கள் ஒத்துழைப்புன்னா இதுதான். மந்திரி கேட்டாச் சொல்லணும், என்ன குப்பைய்யா அது?

— பொங்கலுக்கு வீட்டுக்கு ஒண்ணு குடுத்தீகளே, உங்க சாதனை மலர்.

— நல்ல காகிதமாச்சேய்யா. கடலைக்கடையில கூடவா வாங்கலை?

— வழவழன்னு இருக்காம். பொட்டலம் நிக்கலையாம்.

— சரி விடு. நம்ம வீட்டுல ஒண்ணு பத்திரமா இருக்கும்.

— மொத மொத வந்தது அதாண்ணே. மதினிதான் குடுத்தாக.