கொண்டைப் பென்சிலும் ஒன்பது நாள் சிவப்புக் கோடும்

பென்சில் பிடித்த பெருமாட்டியே! பதிவேடுகளின் பழுதறியாக் காவலரே! கோப்புக் காட்டுக்குள் கொண்டையில் பென்சில் செருகிக் கோலோச்சிய கோமகளே! பெங்களூரின் அல்சூர் எங்களுக்கு அளித்த அன்னையே! முப்பத்தெட்டு ஆண்டுகளாக மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவே உலகத்தை முறைத்த முதுநிலைக் கண்காணிப்பாளரே! எங்கள் ஜோசஃபின் மேடமே! வணக்கம்.

மேடம், ஓர் அனுமதி வேண்டும். இனிச் சற்று நேரம் உங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் “போதும், சீட்டுக்குப் போங்க” என்பீர்கள். பழக்கதோஷத்தில் நாங்களும் எழுந்து போய்விடுவோம். அப்புறம் இந்தப் பணி ஓய்வு விழாவின் மாலைக்கும் கேசரிக்கும் பதில் சொல்ல ஆளிருக்காது.

படைவீரர்களின் பணிப்பதிவுகளைக் கட்டிக்காக்கும் நம் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் அவர் இளநிலை எழுத்தராகக் காலெடுத்து வைத்தது 1967 ஜூனில். அன்று முதல் இன்று வரை இங்கே ஒரு வழக்கம் உண்டு. முகாமில் ஒரு வீரரைக் காணோம் என்று தகவல் வந்தால், அவருடைய பதிவுத் தாளில் முதலில் பென்சிலால்தான் குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் தபால் கட்டைப் பிரித்து, அவர் எங்கே இருந்தார் என்று சொல்லும் உறுதிக் கடிதம் ஏதும் வந்திருக்கிறதா எனத் துழாவிப் பார்த்த பிறகே சிவப்பு மை. பென்சிலை ரப்பர் அழிக்கும். மையை அழிக்க மேலிடத்து வாரியமே கூட வேண்டும்.

மற்றவர்களுக்கு இது வழக்கம், அவருக்கோ வேதம்! கேன்டீனில் இன்று வடை உண்டு என்று சொன்னாலும் “உறுதிக் கடிதம் வந்தாச்சா?” என்பார். நம் தியோடர் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும் அதே கேள்விதான். மனிதர் பெண் வீட்டில் எழுதி வாங்கி வந்து காட்டிய பிறகே ஆசீர்வாதம் கிடைத்தது. அவர் மையிட்டது தவறாக இருந்ததாக ஒரு நாளும் ஒருவரும் சொன்னதில்லை. நாங்கள் மையிட்டதைப் பற்றி இந்த நல்ல நாளில் பேச வேண்டாம்.

அப்பேர்ப்பட்டவரின் மேசை முன்னால், சென்ற ஆண்டு ஜூன் மாதத் திங்கட்கிழமை ஒன்றில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதத்தோடு வந்து விறைப்பாக நின்றார் ஆனேக்கல்லைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் உத்தமன்.

“ஸ்வல்ப நோடி, மேடம்,” என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். “கொஞ்சம் பாருங்க. எங்க ஊரு எக்ஸ்-சர்வீஸ்மேன் சங்கத்துல எல்லார் பேரும் போட்டு போர்டு வைக்கிறாங்க. அதுக்கு இங்கேர்ந்து ரெக்கார்ட் காப்பி வாங்கினாங்க. என் காப்பியில, எழுபத்தொண்ணு சண்டையில ஒம்பது நாள் சொல்லாம ஓடிட்டேன்னு இருக்குது. செக்ரட்டரி அதைக் கூட்டத்துல சத்தமாப் படிச்சிட்டாரு.”

“ஓடினீங்களா?”

“ஆமா மேடம், ஓடினேன். ஆம்புலன்ஸ் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வண்டி டிரைவர் போய்ச் சேர்ந்துட்டான். டாக்டர் என் கையில சாவியைக் குடுத்துட்டு, ‘உன் யூனிட்டுக்கு நான் எழுதிக்கறேன்’னாரு. எழுதினாரு. நானே பார்த்தேன்.”

“இங்க மையில இருக்குதுன்னா, கடிதம் தேடிப் பார்த்துட்டுத்தான் போட்டிருப்பாங்க. எங்க மை தப்பா இருக்காது,” என்றார் மேடம்.

அந்த ஒரு வரியைத்தான் அவர் அடுத்து வந்த திங்கட்கிழமைகளிலெல்லாம் சொல்லி அனுப்பினார். ஆனேக்கல் பஸ் தாமதமானாலும் உத்தமன் தாமதமானதில்லை. நாங்கள் அவரை ‘திங்கட்கிழமை’ என்றே குறிப்பிட ஆரம்பித்தோம். அவர் போன பிறகு சிரிக்கவும் செய்தோம். இதை மையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

நவம்பரில் ஒரு திங்களன்று உத்தமன் தொப்பலாக நனைந்து வந்தார். காகிதம் மட்டும் காய்ந்திருந்தது. “துண்டு தரவா?” என்று கேட்ட மேடம், எதற்கென்று தெரியாமல், “போர்டு எழுதி முடிச்சிட்டாங்களா?” என்றும் கேட்டுவிட்டார்.

“முடிஞ்சது மேடம். எல்லார் பேரும் பெயின்ட்ல. என் பேரு மட்டும் சாக்பீஸ்ல. கேஸ் முடிஞ்சா பெயின்ட் அடிக்கலாம்னு விட்டிருக்காங்க. மழை பெஞ்சா அழிஞ்சிருது. நானே போயி மறுபடி எழுதிட்டு வரேன்.” சற்று நிறுத்தி, “எங்கையெழுத்து அவ்வளவா நல்லாருக்காது,” என்றார்.

மேடம் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய அறையைத் திறக்கச் சொல்லி, அறுபதை எட்டும் முழங்காலோடு தாமே ஏணியில் ஏறினார். இத்தனை மாதமும் அவர் பார்த்துப் பதில் சொன்னது தட்டச்சு நகலை வைத்து. அசல் தாளை அன்றுதான் கையில் எடுத்தார்.

சிவப்புக் கோடு நேராக இருந்தது. மாதக் கடைசியில் விழ வேண்டிய கோட்டின் பக்கத்தில் தேதி, 24 டிசம்பர் 1971. தேதிக்குக் கீழே சுருக்கொப்பம். கடைசி எழுத்துக்கு ஒரு சின்ன வால். அந்த வாலை இந்த அலுவலகத்தில் தெரியாதவர் யார்? தினமும் எங்கள் தாமத வருகைக்குக் கீழே அதைத்தானே பார்க்கிறோம்!

ஏணியின்மேல் நின்றபடியே அவருக்கு எல்லாம் நினைவு வந்தது. அப்போது இருபத்தாறு வயது. மறுநாள் கிறிஸ்துமஸ். மேசையைக் காலி செய்துவிட்டு விடுப்பில் போனால் நிம்மதி என்று, மாத முடிவை ஒரு வாரம் முன்பாகவே முடித்து, பென்சில் குறிகளுக்கெல்லாம் மையிட்டுவிட்டு, கேக் போடுவதற்காக மாலை பஸ்ஸைப் பிடித்தார். தபால் கட்டை அவர் பிரிக்கவில்லை. பிரிக்க அது வந்து சேர்ந்திருக்கவும் இல்லை.

இறங்கி வந்தவர் கவுன்டரில் நின்று, எங்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: “உத்தமன் சார், இந்தக் கோட்டைப் போட்டது நான்தான். கடிதம் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். கேக் போடணும்னு அவசரம்.”

உத்தமன் காகித உறையை இரண்டு முறை துடைத்தார்.

“ஆறு மாசமா அந்தக் கோடு போட்டவனைத் தினமும் திட்டிட்டிருக்கேன், மேடம். நல்ல வேளை, ‘அவன் அவன்’னேதான் திட்டினேன். உங்க மேல ஒண்ணும் பட்டிருக்காது.” பிறகு, “கேக்காவது நல்லா வந்துச்சா?” என்றார்.

“கருகிப்போச்சு.”

“விடுங்க. ரெண்டு பேருக்கும் அந்த டிசம்பர் சரியில்ல.”

அடுத்த மூன்று சனிக்கிழமைகள், புடவைத் தலைப்பை மூக்கோடு கட்டிக்கொண்டு அவர் பழைய தபால் கட்டுகளுக்குள் குடியிருந்தார். ‘உதவுகிறோம்’ என்று போன நாங்கள் தும்மி உதவினோம். மூன்றாம் சனியன்று அது கிடைத்தது. டிசம்பர் 28 முத்திரையோடு வந்த சீட்டு. வீரரின் தாளில் ஏற்கெனவே மை விழுந்திருந்ததால், யாரோ அதை அந்த ஆஸ்பத்திரியின் கோப்பிலேயே தைத்து வைத்துவிட்டார்கள். எலி ஒரு மூலையைத் தின்றிருந்தாலும் எழுத்தைத் தொடவில்லை. அவர் வாய்விட்டுப் படித்தார்:

“எங்கள் ஓட்டுநர் இறந்துவிட்டதால் டிசம்பர் 8 முதல் 16 வரை சிப்பாய் உத்தமன் எங்கள் ஆம்புலன்ஸை ஓட்டினார். நாற்பத்தொரு பேரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். இவரைத் தாமதமாக அனுப்புவதற்கு நானே பொறுப்பு.”

திங்கட்கிழமை என்று பெயர் வைத்துச் சிரித்தவர்கள் அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம்.

ஆனால் சீட்டு மட்டும் போதாது. விதிப்படி மையிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால், மை ஏன் விழுந்தது என்பதற்கும் விளக்கம் வேண்டும். பிரிவு அதிகாரி சுப்ரமணியன் அவரை அழைத்து உட்கார வைத்தார்.

“மேடம், ஆறு மாசத்துல ரிடையர் ஆகப் போறீங்க. ‘அந்தக் கால எழுத்தர் பிழை’ன்னு பொதுவா எழுதி அனுப்பிப் பார்ப்போம். உங்க பேரு எதுக்கு? பேரு போட்டா உங்க சர்வீஸ் புக்ல எச்சரிக்கை ஏறும். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு கீறல்கூட இல்ல.”

“பேரில்லாம போனா வாரியம் திருப்பி அனுப்பும், சார். மறுபடி ரெண்டு வருஷம். அதுவரைக்கும் அவர் மழையில சாக்பீஸ் புடிச்சிட்டு நிக்கணுமா?”

“உங்களுக்காகச் சொன்னேன்.”

“தெரியும் சார். எச்சரிக்கையை மட்டும் பென்சில்ல போட்டுராதீங்க. எனக்கு உறுதிக் கடிதம் வந்தாச்சு.”

அன்றே தம் கைப்பட முழு வாக்குமூலம் எழுதினார். கேக்கையும் விடவில்லை. அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் முதலும் கடைசியுமாகச் சிவப்பு மை ஏறியது. இந்த மே மாதம் இரண்டாம் வாரம் வாரியத்தின் ஆணை வந்தது. ஒன்பது நாள் கோடு நீக்கப்பட்டது. அதே இடத்தில் ‘போர்முனை மருத்துவமனைப் பணி’ என்று ஏறியது. மறுநாள் திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் உத்தமன் வந்தார். பச்சை பெயின்ட் ஒட்டிய ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். “காஞ்சிருச்சான்னு தொட்டுப் பார்த்தேன், மேடம். காயல.”

மேடம், ‘அவர்’ போதும். உங்களிடமே வருகிறோம்.

இந்த மடலின் வரைவில் ‘மாசற்ற பணி’ என்று எழுதியிருந்தோம். நீங்கள் அதைப் பார்த்து, ‘மாசற்ற’ என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் “உறுதிக் கடிதம் எங்கே?” என்று எழுதித் திருப்பினீர்கள். உங்களை எதிர்த்துப் பேசும் துணிவு எங்களுக்கு என்றுமே இருந்ததில்லை. ஓய்வு நாளிலா வரப்போகிறது? எனவே, சட்டமிட்ட இந்த மடலில் அந்த ஒரு சொல்லை மட்டும் உங்கள் வழக்கப்படியே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். கண்ணாடி இன்னும் பொருத்தவில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் காலையும் மாலையும் காற்று வாங்கி, முழங்கால் முனகாமல், மூக்குக்கண்ணாடி தொலையாமல், நூறு கிறிஸ்துமஸ் காண்பீராக! ஒவ்வொன்றிலும் கேக் கருகாமல் வருவதாக! ஒரு துண்டு இந்தப் பிரிவுக்கும் வந்து சேர்வதாக!

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கேட்ட உறுதிக் கடிதம் இரண்டாம் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், பதக்கங்களோடு உட்கார்ந்திருக்கிறது. ஹவில்தார் ஐயா, மேடைக்கு வாருங்கள். பேனா இதோ இருக்கிறது. கையெழுத்து அவ்வளவாக நன்றாயிருக்காது என்றீர்கள், பரவாயில்லை. அந்தச் சொல்லின் மேலேயே எழுதுங்கள்.

பெங்களூர், 31 மே 2005

பென்சில் பிடிக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கும்
ரெக்கார்ட்ஸ் பிரிவு ஊழியர்கள்

மையால் உறுதி செய்தவர்:
உத்தமன், ஹவில்தார் (ஓய்வு), ஆனேக்கல்