மருந்தில் மீன் மணம்

எழுபதுகளில் ஒரு நாள், மெல்பேர்ன் ட்ராமில் என் முன்னிருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. மனைவியின் மடியில் சீன மருந்துப் பொட்டலம்.

“மருந்திலை மீன் மணக்கிறது கடைக்காரரின்ரை பிழை இல்லை,” என்றார் கணவர்.

“அப்ப ஆரின்ரை பிழை?”

“அலுமினியத்திலை அவிக்கக் கூடாதெண்டு அவர் சொன்னவர். மண்சட்டியிலை அவிச்சனான்.”

“வீட்டிலை இருக்கிற ஒரே மண்சட்டி என்ரை மீன்சட்டி.”

“கழுவிப்போட்டுத்தான் வைச்சனான்.”

“ஒரு கிழமையாய் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சனான். வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் அதைத்தான் குடிச்சனான். கருவாடு போட்டிட்டார் எண்டு இப்ப அந்த மனிசனோடை சண்டையும் பிடிச்சிட்டு வாறன். பாவம், ஒவ்வொரு வேராய் எடுத்து மணந்து பாக்கச் சொல்லித் தந்தவர். நீங்கள் பக்கத்திலை நிண்டு தலையாட்டினீங்கள்.”

“நீர் கோபமாய் நிண்டனீர். அதுதான் சொல்லேல்லை.”

“இப்ப என்ன, சிரிச்சுக்கொண்டா இருக்கிறன்?”

மணிக்கயிற்றை இழுத்துவிட்டு மனைவி எழுந்தார்.

“இறங்குங்கோ. கடைக்குத் திரும்பிப் போய் மன்னிப்புக் கேக்கவேணும்.”

“என்னெண்டு கேக்கிறது?”

“அதை உள்ளுக்கை போய் யோசியுங்கோ. நான் வெளியிலை நிக்கிறன்.”