கிள்ளிக்கொண்டு போன தோல்

"நீ கிள்ளிக்கினு போன எம் பொண்ணு தோலு உங்க காலேஜில சவுக்கியமா இருக்குதா?"

பிள்ளைகளா, வடக்கனந்தல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், நடக்க முடியாத மகளை மடியில் வைத்திருந்த தாய், பக்கத்திலிருந்த ஆராய்ச்சி மாணவியிடம் இப்படிக் கேட்டார்.

"அத ஸ்டெம் செல்லா மாத்தி, நரம்பு செல்லா வளர்த்துக்கினு இருக்கேங்க்கா. இந்தப் பரம்பரைக் கோளாறு எப்படி வருதுன்னு பாக்கத்தான்."

"பாக்கவா? வைத்தியம்னு நெனச்சில்ல கைநாட்டு வச்சேன்! அந்த நம்பிக்கையில கால் பயிற்சிக்குக்கூட இவள கூட்டினு போவல."

"இதுல மருந்து கெடையாதுன்னு நீங்க கைநாட்டு வச்ச பேப்பர்லயே இருந்துச்சுக்கா."

"எனுக்குப் படிக்கத் தெரியுமா? இப்ப இன்னாத்துக்கு வூட்டுக்கு வர?"

"இவ தம்பி தோலும் கொஞ்சம் வேணும்க்கா, ஒப்பிட்டுப் பாக்க."

மாணவி புது ஒப்புதல் காகிதத்தை நீட்டினாள். தாய் வாங்கவில்லை.

"மருந்து கெடையாதுன்ற வரிய நீயே படி. பஸ்ஸு முழுக்கக் கேக்கட்டும்."

மாணவி மெல்லப் படித்தாள்.

"கேக்கல," என்றார் தாய்.