கழுவாத சட்டி

ஹலோ... யோகராணி அக்கா? சிறி கதைக்கிறன்... ஓம், ஓம், கடையிலதான். பின்வாசலில நிக்கிறன். நீங்கள் வேலை முடிஞ்சு வீட்டயோ?... மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வந்திட்டியளோ?... தெரியும் அக்கா, இண்டைக்கு உங்கட உபயப் பூசை, மறக்கேல்லை. அதுதான்... உள்ள போகாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ... இல்லை, இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.

மத்தியானம் நான் உங்கட ஏஜ்ட் கெயார் முதியோர் இல்லத்துக்குக் கொண்டந்து தந்த பெட்டிச் சாப்பாடு... சாப்பிட்டிட்டியளோ?... முழுக்கவோ?... அந்த டோஃபு சோயாக்கட்டியுமோ?... சிரிக்காதேங்கோ. ருசியாத்தான் இருக்கும். அது... பண்டி.

பண்டி அக்கா... இல்லை, பண்டி இறைச்சித் துண்டு போடேல்லை. டோஃபுதான். ஆனா பண்டி அவியிற சட்டிக்குள்ளதான் அதையும் அவிக்கினம். முட்டையும் அதுக்குள்ளதான். எங்கட கடைத் தாய்வான்காரர் அந்தச் சாறை வெளிய ஊத்திறேல்லை, பழசுக்கு மேல புதுசு விட்டுக் கொதிக்க வைக்கினம்... எனக்கு எப்பிடித் தெரியும்? கடையில நான் கழுவாத சட்டி அது ஒண்டுதான்! இண்டைக்குத்தான் என்னை அடுப்படிக்கு விட்டவை. மூடியைத் திறந்தன்...

ஓம்... ஓம், நான்தான் சொன்னனான், டோஃபு சைவம், வெள்ளிக்கிழமைக்கு நல்லது எண்டு. ஒவ்வொரு வெள்ளியும் நானே கட்டித் தந்தனான்... இல்லை, கடையில ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. சைவப் பெட்டி வேறயா இருக்காம். உள்ளி, வெங்காயம் கூட இல்லை. தாய்வான்காரரிலயும் விரதக்காரர் இருக்கினமாம். முதலாளி அம்மா சொல்லித்தான் தெரியும்...

எப்பத் தெரிஞ்சதோ?... காலமை.

காலமை அக்கா. பெட்டி கட்ட முதலே... ஓம். பேசுங்கோ. நல்லாப் பேசுங்கோ... சனம் வாசல்மட்டும் வரிசையா நிண்டது, முதலாளி அம்மா கத்திக்கொண்டு நிண்டா, வேற கட்ட நேரம்... இல்லை. பொய். நேரம் இருந்தது. அடுப்படியில முதல் நாள், இவ்வளவு நாளும் பிழை விட்டனான் எண்டு சொல்லப் பயம். தெரிஞ்சுகொண்டுதான் உங்கட பெட்டிக்கு மூடியைப் போட்டனான்.

வீட்ட போய் முழுகிப்போட்டு வாங்கோவன்... பூசை தொடங்கிட்டுதோ? ஓம், மணி கேக்குது... உங்கட அவரோ கூப்பிடுறார்?

என்ன?... ஓம். சொல்லாட்டி நிம்மதியா உள்ள போயிருப்பியள். ஓம் அக்கா, அது சரி... எனக்குத்தான் நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கொண்டு நிண்டது. உங்களுக்கெண்டு போன் எடுக்கேல்லை.

இப்பவோ?... எனக்கு இப்ப எப்பிடி இருக்கெண்டோ?...

ஓம். கொஞ்சம் லேசாத்தான் இருக்கு.

அக்கா?... ஹலோ?