பதினெட்டு மில்லிமீட்டர்

கொஞ்சம் இருங்க... இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல பேசறேன். பின்னாடி நிக்கிற ஆம்பளைங்க டீ குடிக்கக் கிளம்பிடாதீங்க. இது உங்களுக்கும்தான்.

சென்னிமலைப் பக்கம் ஒரு புருஷன் பொண்டாட்டி. அவன் பேரு நல்லசிவம், லோடு ஆட்டோ ஓட்டுறான். அவ பேரு தமயந்தி, போர்வை தைக்கிற கம்பெனில வேலை. கல்யாணமாகி நாலு வருஷம்... குழந்தை இல்ல. ஈரோட்டுல ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாங்க. அந்தம்மா, "வெள்ளிக்கிழமை கர்ப்பப்பை ஸ்கேன் எடுத்துக்குங்க, திங்கக்கிழமை ரிப்போர்ட்டோட வாங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் சென்டருக்குப் போனாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு நிமிர்ந்துகூடப் பார்க்கல. "ஒரு லிட்டர் தண்ணி குடிங்க. யூரின் போகாதீங்க. கூப்பிடுவோம்."

குடிச்சா. கூப்பிடல. ஒரு மணி நேரம்... ஒன்றரை மணி நேரம்... அடக்கி அடக்கி அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான், "தமயந்தி! உள்ள வாங்க. ஜென்ட்ஸ் வெளிய இருங்க."

படுக்க வச்சு, வயித்து மேல ஜில்லுன்னு ஒரு ஜெல்லைத் தடவி, கருவியை வச்சு அழுத்திப் பார்த்தாங்க. பார்த்துட்டு, "சரி, இப்பப் போய் யூரின் போயிட்டு வாங்க."

இவளுக்கு ஒண்ணுமே புரியல. போகாதேன்னாங்க... இப்பப் போங்கிறாங்க... நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?

திரும்பி வந்தா, "கீழ துணியைக் கழட்டிட்டுப் படுங்கம்மா. உள் ஸ்கேன்."

"உள்ளயா? எதுக்குங்க?"

"எல்லாருக்கும் எடுக்கிறதுதான். லூஸா விடுங்க."

விரல் மாதிரி மெல்லிசா, நீளமா ஒரு கருவி. அதுக்கு உறை போட்டு, மெதுவா உள்ள வச்சுப் பார்த்தாங்க. வலிச்சுதா? இல்ல. சங்கடமா இருந்துச்சு, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம். ஆனா அந்த அஞ்சு நிமிஷமும் அவ மனசு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'மேலோட்டமாப் பார்த்ததுல ஏதோ பெருசாத் தெரிஞ்சிருக்கு... அதான் உள்ள விட்டுப் பார்க்கிறாங்க.'

ஏங்க... வயித்து மேல வச்சுப் பார்க்க மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும். உள்ள வச்சுப் பார்க்க அது காலியா இருக்கணும். ரெண்டும் வழக்கமான முறை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம்! சொன்னாங்களா? சொல்லல.

ரிப்போர்ட் வந்துச்சு. முழுக்க இங்கிலீஷ். பஸ்ல உக்காந்து நல்லசிவம் ஒவ்வொரு வார்த்தையா போன்ல தட்டிப் பார்க்கிறான்.

"கர்ப்பப்பை... பின்னாடி திரும்பியிருக்குன்னு போட்டிருக்குது தமயந்தி."

"திரும்பியிருக்குதுன்னா?"

"தெரியலயே. அப்புறம்... வலது பக்கம் என்னமோ ஒண்ணு, பதினெட்டு மில்லிமீட்டராம்."

"என்னங்க அது? கட்டியா?"

அவன் பதில் சொல்லல. தெரிஞ்சாத்தானே சொல்லுவான்? ஆனா அவன் பேசாம இருந்ததை அவ 'ஆமா'ன்னு எடுத்துக்கிட்டா.

வீட்டுக்கு வந்தா மாமியார் கேக்குறாங்க. இவன் உளறுறான். சாயங்காலத்துக்குள்ள சொந்தக்காரங்க பூரா போன். 'கர்ப்பப்பையே திரும்பிக்கிச்சாம்... கட்டி வேறயாம்... எடுத்துடச் சொல்லுவாங்களாம்...' யாரு சொன்னது? யாருக்கும் தெரியாது!

சனிக்கிழமை காலைல தமயந்தி ரெண்டு சேலையை எடுத்துப் பையில வச்சுக்கிட்டு காங்கேயத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை இவன் கூப்பிடப் போறான்.

"நீங்க வேற கல்யாணம் பண்ணிக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கும் புரியல, உனக்கும் புரியல. புரியாத ஒண்ணுக்கு எதுக்கு அழறே? நாளைக்கு வா. கேட்டுட்டு அப்புறம் அழுவோம். நானும் சேர்ந்து அழறேன்."

திங்கக்கிழமை வந்தாங்க. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தாங்க. முகத்துல ஒரு சிரிப்பு!

"நல்லாத்தானே இருக்கு!"

"டாக்டர்... கர்ப்பப்பை திரும்பியிருக்குதுன்னு..."

"சில பேருக்கு முன்னாடி சாஞ்சிருக்கும், சில பேருக்குப் பின்னாடி. நேர் வகிடு, கோண வகிடு இல்லையா, அந்த மாதிரி. குழந்தைக்கு அது தடையே இல்ல."

"அப்ப அந்தக் கட்டி?"

"எந்தக் கட்டி?"

"பதினெட்டு மில்லிமீட்டர்..."

"அய்யோ, அது கட்டி இல்லம்மா! கருமுட்டை வளர்ற பை. ஒண்ணு ரெண்டு நாள்ல முட்டை வெளிய வரப்போற அளவு. வெள்ளி, சனி, ஞாயிறு... இந்த மூணு நாளும் சேர்ந்து இருந்தீங்கள்ல?"

...

வெள்ளிக்கிழமை ராத்திரி சொந்தக்காரங்க போன்லயே போச்சு.

சனிக்கிழமைல இருந்து அவ காங்கேயத்துல. அவன் சென்னிமலைல. நாலு வருஷமா எந்த நாளுக்குக் காத்துக் கிடந்தாங்களோ, அந்த நாள் வந்து... அவங்க அழுதுக்கிட்டு இருக்கும்போதே கடந்து போயிடுச்சு.

டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "அன்னிக்கே உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருக்கணும். நானாவது முன்னாடியே சொல்லி அனுப்பியிருக்கணும். தப்புதான்." அப்புறம் அவன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எனக்கெதுக்குங்க?"

"குழந்தை ரெண்டு பேருக்கும்தானே?"

எடுத்தான். சின்னக் குறை இருந்துச்சு. மாத்திரை கொடுத்தாங்க, சாப்பிட்டான். அடுத்த ஸ்கேனுக்குப் போனப்ப தமயந்தி படுக்கையில ஏறுறதுக்கு முன்னாடியே, "என்ன செய்யப் போறீங்க, எதுக்குச் செய்யறீங்க, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க"ன்னு கேட்டுட்டுத்தான் படுத்தா. அதுல இருந்து ஏழாவது மாசம் அவளுக்கு நாள் தள்ளிப் போச்சு.

கைதட்டாதீங்க... வேண்டாம். குழந்தை பிறந்துச்சுன்னு சொல்ல நான் இந்தக் கதையை எடுக்கல. எல்லாருக்கும் பிறந்துடறதில்ல, அது எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அந்த மூணு நாளைப் பத்தி. அவ உடம்பு சரியா இருந்த மூணு நாள்... தான் கெட்டுப்போயிட்டோம்னு அவ நம்பின மூணு நாள். அவளை அழ வச்சது நோயா? இல்லீங்க. ஒரு காயிதம். யாரும் வாய்விட்டுப் படிச்சுச் சொல்லாத ஒரு காயிதம்.

அம்மா, தங்கச்சி... உங்க உடம்புக்குள்ள ஒருத்தர் பார்க்கிறாரு. என்ன பார்த்தாருன்னு தெரிஞ்சுக்க உங்களைவிட உரிமை யாருக்கு இருக்கு? "எனக்குப் புரியல, சொல்லுங்க." மூணே வார்த்தை. அதைச் சொல்ல வெட்கப்படாதீங்க. சொல்லாம அனுப்புறவங்க வெட்கப்படட்டும்.