கியர் பாக்ஸுக்கு ஒரு போல்ட்

வீட்டில் வைத்து வண்டி வேலை பார்க்கிற யாருக்கும் எப்போதும் ஒரு கை குறையும். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் டார்ச் என்றால் நட்டைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும். என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள் வீட்டில் இருப்பவர்களைத்தான் கூப்பிட்டாக வேண்டும். நடந்ததெல்லாம் இந்தச் சின்ன விஷயத்தில் ஆரம்பித்ததுதான் ஐயா. அடைத்து வைத்தேன், சிறைப்படுத்தினேன் என்றெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் ஷெட்டுக்குக் கதவே கிடையாது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, "அசையாதீங்க, ஒரு நிமிஷம்தான்" என்பது என் பிழைப்பு. குரலை உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடையில் விசாரித்துப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

பிக்கப் வண்டி என் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. வாங்கும்போதே இரண்டு பேர் ஓட்டி அலுத்த வண்டி. வெள்ளை உடம்பு, வலது கதவு மட்டும் நீலம். அந்தக் கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்தது. என் மனைவி அதை "மூத்தவ" என்பாள். "மூத்தவளுக்கு இன்னிக்கு என்ன கேடாம்?" என்று காலையில் கேட்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

வீட்டை நான் அலங்கோலமாக வைத்திருந்தேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். பழைய வண்டி வீட்டுக்குள் கொஞ்சம் வரத்தான் செய்யும். கார்புரேட்டர் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறும். சாப்பாட்டு மேஜையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம். ஒருநாள் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துவிட்டு சக்கரத்து பேரிங்கை வைத்திருந்தேன். குளிரில் இரும்பு ஒரு மயிரிழை சுருங்கும், பொருத்துவது சுலபம். இதை அவளிடம் பொறுமையாக விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் வந்தது அவளை அழைத்துப் போகத்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஹாலில் அவளுடைய சூட்கேஸ் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவன் நேராக ஷெட்டுக்கு வந்தான்.

"மாமா, அக்கா கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும். நீங்களும் நிம்மதியா வேலை பாக்கலாம்ல," என்றான்.

நல்ல பையன். வலிக்காமல் சொல்ல முயன்றான். நான் அப்போது வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். கிளட்ச் பிளேட் மாற்றி, கியர் பாக்ஸை ஏற்றி, அதன் வால் பக்கத்தைத் தாங்கும் குறுக்குப் பட்டையைப் பூட்டுவது மட்டும் பாக்கி. முன்பக்கம் இன்ஜினோடு இறுகியிருக்கும். வாலை யாராவது கீழிருந்து ஏந்திக்கொண்டால் போதும், பட்டையை வைத்து போல்ட்டைப் போட்டுவிடலாம். என்னிடம் இருந்தது ஒரே ஜாக்கி, அது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நின்றது.

"மாப்ளே, அதெல்லாம் பேசிக்கலாம். சட்டைக் கையை மடிச்சிட்டு இதை ஒரு நிமிஷம் புடி," என்றேன்.

அவன் படுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். நான் போல்ட்டைத் தேட வெளியே வந்தேன். ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கட்டை இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சூட்கேஸை உருட்டிக்கொண்டு என் மனைவி ஷெட்டுக்கு வந்தாள். தம்பியின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"எங்கடா, கிளம்பலையா?"

"ஒரு நிமிஷங்க்கா. மாமா போல்ட் எடுத்துட்டு வராரு. விட்டா மேல விழுந்துரும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஷெட்டின் தரை, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக, வாசல் பக்கம் லேசான சரிவு. கை பிரேக் கேபிளை அன்றைக்குத்தான் கழற்றியிருந்தேன். வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்துவிடும். இதை உத்தேசித்து, "நீ சும்மாதானே நிக்கிற, உள்ள ஏறி பிரேக்கை மிதிச்சிக்கோ" என்று அவளிடம் சொன்னேன். காலை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். தம்பி அடியில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அது தகவல் ஐயா. மிரட்டல் என்று எழுதாதீர்கள்.

அன்று மாலைக்குள் போல்ட் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கிடைக்கவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கண்ணாடிக் கடை வேலைக்குப் போனேன். பழைய மாடல், எங்கே போய்க் கேட்பது? நான் போன இடத்தில் எல்லாம் கேட்டேன். மருந்துக் கடையில் கேட்டேன், முடி வெட்டும் இடத்தில் கேட்டேன், காய்கறிக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். ஒருவரிடமும் இல்லை. உதிரிபாகக் கடைக்குப் போனாயா என்றால், அந்தப் பக்கம் போகத் தோதுப்படவில்லை.

அவர்களை நான் பட்டினி போட்டதாக ஒரு பேச்சு இருக்கிறது. அது அபாண்டம். மைத்துனனுக்கு நானே ஊட்டிவிட்டேன், ஒவ்வொரு கவளமாக, தொண்டையில் சிக்காமல். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால்கூட அவ்வளவு பக்குவமாக ஊட்டியிருப்பேனா தெரியாது. தூங்குவதற்கும் மற்ற அவசரங்களுக்கும் முறை வைத்தோம். யாருக்கு ஓய்வு தேவையோ அவருடைய இடத்தில் நான் பிடித்துக்கொள்வேன். என் மனைவி எத்தனையோ தடவை இறங்கி வீட்டுக்குள் போனாள். வாசல் திறந்துதான் கிடந்தது, தெருவில் ஆட்டோ நின்றது. ஒவ்வொரு தடவையும் ஓட்டமாகத் திரும்பி வந்தாள். பிரேக்கில் என் கால் இருந்தது, அடியில் அவள் தம்பி இருந்தான், அவளுக்கு என் கால் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இனி எதிர்வீட்டுப் பல் டாக்டர். சுத்தியல் சத்தத்தில் நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். பெட்ரோல் குழாயில் ஒரு சின்ன ஓட்டை, சொட்டிக்கொண்டிருந்தது. "சார், கட்டை விரலை இதுல வெச்சு ஒரு நிமிஷம் அமுக்கிக்கோங்க, கிளிப் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். அவருடைய விரல் அச்சில் வார்த்ததுபோல அந்த ஓட்டையில் உட்கார்ந்தது. நிற்கச் சிரமப்பட்டார். பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த மரக்கட்டையை எடுத்து அவருக்கு உட்காரப் போட்டேன். நீங்கள் கேட்ட கட்டை அதுதான். அதற்குப் பிறகு வண்டி என் மனைவியின் காலில் மட்டும்தான் நின்றது என்பது உண்மை. ஆனால் வயதில் பெரியவரை எப்படி நிற்கவைப்பது?

டாக்டர் முதல் நாள் சத்தம் போட்டார். மறுநாள் அடங்கிவிட்டார். "நானும் பேஷன்ட்கிட்ட ஒரு நிமிஷம் வாயைத் திறந்து வெச்சிருங்கன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போவேன் சார். இதுதான் கணக்கு போல," என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். படித்தவர், புரிந்துகொண்டார்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். அந்த நாட்களில் வண்டியை எவ்வளவு மேம்படுத்தினேன் என்று நீங்கள் ஒரு நடை வந்து பார்க்கவேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தேன், என் மனைவிக்கு இடுப்பு வலி. டேஷ்போர்டில் அவளுக்கென்று குட்டி மின்விசிறி பொருத்தினேன். அடியில் மைத்துனனுக்கு வெளிச்சம் வேண்டுமென்று நீளமாக விளக்குப் பட்டை ஒட்டினேன், தலைக்கு ஹாலில் இருந்த குஷனைக் கொடுத்தேன். பாட்டுப் பெட்டி மாட்டினேன். டாக்டருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரைப் பின்பக்கம் திருப்பிவைத்தேன். கொடுமைக்காரன் இதெல்லாம் செய்வானா?

எங்கள் வீட்டில் அவ்வளவு பேர் சேர்ந்து சாப்பிட்டு வெகு காலமாகியிருந்தது. நான்கு பேரும் ஒரே இடத்தில். நான் சமைத்தேன், நான் பரிமாறினேன். ஒருவரும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு சாயங்காலம் என் மனைவி முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஸ்பேனர் எங்கன்றதைத் தவிர நீங்க என்கிட்ட கடைசியா என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரா பத்தொன்பதா என்பதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் வைப்பர் ரப்பரை மாற்ற வேண்டிய வேலை வந்துவிட்டது. நான் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. அழுதிருந்தாள்.

அவளுடைய சூட்கேஸை என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். ஷெட்டில் கிடந்தால் துணியில் எண்ணெய் படும். அதனால் உள்ளே கொண்டுபோய் ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் பழையபடி அடுக்கிவைத்தேன். புடவைகளை அவள் மடிக்கிற மாதிரியே மடித்தேன். காலிப் பெட்டியில் டூல்ஸ் வைத்துக்கொண்டேன். நல்ல பெட்டி, சக்கரம் உள்ளது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது டாக்டரின் நோயாளி. அன்றைக்கு டாக்டர் சண்டைக்குக் கிளம்பும்போது ஒருவரை வாய் திறந்த நிலையில் நாற்காலியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிதர் சொன்ன சொல் தவறாமல் திறந்தபடியே இருந்திருக்கிறார். அவரைத் தேடி அவர் வீட்டார் வர, அவர்கள் உங்களிடம் வர, உங்கள் ஆட்கள் இரண்டு பேர் என் ஷெட்டுக்கு வந்தார்கள். மற்றவர்களையாவது என் கணக்கில் சேர்க்கலாம். அந்த நோயாளிக்கு நான் செய்தது எதுவும் இல்லை, அது டாக்டரின் பாடு.

உங்கள் ஆட்களில் ஒருவர் என்னை ஜீப்பில் ஏற்றி இங்கே ஸ்டேஷனில் விட்டுவிட்டு, அவர்களை விடுவிக்கத் திரும்பிப் போனார். இன்னும் இரண்டு பேரையும் காணவில்லை என்று சற்று முன் நீங்கள் வெளியே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கவலைப்படாதீர்கள். ஒருவர் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அது முன்பே கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் பம்பரைத் தள்ளிப் பிடித்திருப்பார் என்பது என் ஊகம். எல்லாம் நல்லவர்கள். கண்ணெதிரே ஒரு மனிதன் நசுங்குவதை நல்லவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த நல்ல குணத்தை நம்பித்தான் நான் எல்லாமே செய்தேன்.

என்னை ஜீப்பில் ஏற்றும்போது என் மனைவி வண்டியின் நீலக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பெரிய சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "போல்ட்டோட வந்துருவீங்கதானே? சீக்கிரம் வந்துருங்க," என்றாள். கேட்டீர்களா ஐயா. என்னை விட்டுப் போக இருந்தவள், சீக்கிரம் வா என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஜீப்பில் வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்தபோது, சட்டைப் பையில் ஏதோ கனத்தது. தொட்டுப் பார்த்தேன். போல்ட். கழற்றும்போது தொலையக்கூடாது என்று நானே பத்திரமாகப் போட்டுவைத்தது. அப்படியே குனிந்து பூட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பான். அப்போதுதான் ஹாலில் சூட்கேஸ் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கையைப் பையிலிருந்து வெறுமனே எடுத்துவிட்டேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொள் என்றால் யாருக்கும் புரியும்.

இங்கே வந்ததும் உங்கள் ஆட்கள் என் கைக்குட்டையையும் சாவியையும் வாங்கி வைத்தார்கள். இந்தச் சட்டைப் பையைப் பார்க்கவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் போல்ட்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வேன். இந்தாருங்கள், கையை நீட்டுங்கள். நான் வெளியே போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், ஒரு நிமிஷம்தான். அதுவரை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா. தொலைந்துபோனால் இந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்காது.