மாடிப்படிக்கு அடியில சர் பெரக்ரின்

...பதினாலு படிங்க! பதினாலு! எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் செட்ரிக்குக்கு முட்டி போயி எட்டு மாசமாச்சு. வீட்ல இருக்கற ஒரே கக்கூஸ் மாடியில. ஏறி எறங்க இருபது நிமிஷம். மனுஷனுக்கு அது வரும்போது வருமா, இருபது நிமிஷம் முன்னாடியே சொல்லிட்டு வருமா? ...ஐயோ, மன்னிச்சுக்கோங்கம்மா, உங்க கால மிதிச்சுட்டேனா? ஓ, நீங்கதான் என் கால மிதிச்சீங்களா? சரி, எதுக்கும் இருக்கட்டும், மன்னிச்சுக்கோங்க.

நான் கொற சொல்லல. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. இந்தப் போஸ்ட் ஆபீஸ்ல மூணு ஜன்னல் இருக்கு, ஒண்ணுதான் தொறந்திருக்கு. அதுல உக்காந்திருக்கற பொண்ணு ஒரு ஸ்டாம்ப ஒட்டறதுக்குள்ள மழ பேஞ்சு விட்டு மறுபடி பேஞ்சாச்சு. அதப்பத்தி நான் ஒரு வார்த்த பேசினேனா?

படி ஏறணுமேன்னு பயந்து, அந்த மனுஷன் ரெண்டு மணிக்கு மேல டீயே குடிக்கறதில்லம்மா. டீ! நாலு மணின்னா டீன்னு எழுபது வருஷமா இருந்தவரு. இப்ப நான் கெட்டில வெச்சா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கறாரு. வாசன படக்கூடாதாம். நான் சமையக்கட்டுல நின்னு திருட்டுத்தனமா குடிக்கறேன், என் சொந்த வீட்ல! பிஸ்கட்ட டீயில நனைச்சுத் தின்னா மொறுமொறு சத்தம் வெளிய கேக்காது. அதெல்லாம் கத்துக்கிட்டேன். வயித்தெரிச்சலா இருக்கும்மா.

மாடிப்படிக்கு அடியில ஒரு பொந்து இருக்கு. தொடப்பக்கட்ட, செட்ரிக்கோட ரப்பர் பூட்ஸ், அவ்வளவுதான் உள்ள. அளந்து பாத்தோம். ஒரு கக்கூஸ் கச்சிதமா உக்காரும். கவுன்சிலுக்கு மரியாதயா எழுதினேன், 'தங்களுக்குச் சிரமம் இல்லாத பட்சத்தில்'னு ஆரம்பிச்சு. பதில் வந்துச்சு: கூடாது. ஆணிகூட அடிக்கக் கூடாது. ஏன்னா, சரித்திரமாம்! ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்ட நடந்த காலத்துல, ராஜா பக்கம் நின்னு தோத்துப்போன சர் பெரக்ரின்னு ஒரு தளபதி, தொரத்திட்டு வந்தவங்களுக்குத் தப்பிச்சு எங்க பொந்துல மூணு நாள் ஒளிஞ்சிருந்தாராம்.

மூணு நாள்! நான் விடுவேனா? திருப்பி எழுதினேன். ஐயா, மூணு நாள் உள்ளயே கெடந்தவரு எங்க போனாரு? அப்ப அது அப்பவே கக்கூஸ்தான? நான் புதுசா ஒண்ணும் கேக்கலியே, இருந்தத புதுப்பிக்கத்தான கேக்கறேன்? அதுக்கு, 'ஆதாரம் இல்லை'ன்னு பதில். ஒளிஞ்சதுக்கு மட்டும் இருக்காக்கும்!

சரி போகட்டும்னு பழைய சாமான் கடையில, செட்ரிக்கோட அவசரத்துக்கு ஒரு பீங்கான் சட்டி வாங்கினேன். பூப்போட்டது, மூடியோட. ஒரே வாரம்தான். சரித்திரச் சங்கத்து மிஸ்டர் ஓல்ட்ராய்ட் வந்தாரு, வெள்ளக் கையுறைய மாட்டிக்கிட்டு அதத் தூக்கினாரு, 'இது சர் பெரக்ரினோடதா?'ன்னாரு. செட்ரிக்குக்கு வந்தவங்கள இல்லேன்னு சொல்லிப் பழக்கமில்ல. 'இருக்கலாம்'னுட்டாரு. போச்சு! இப்ப அது மியூசியத்துல கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கு, விளக்கு போட்டு வெச்சிருக்காங்க. நல்லவேள, அன்னிக்குக் காலைல கழுவி வெச்சிருந்தேன்.

கொஞ்சம் நகருங்கம்மா, வரிச போகுது.

என்னது? இந்தக் கதைய யாரு கெளப்பிவிட்டதுன்னா? அது வந்து... பக்கத்து வீட்டு வினிஃப்ரெட்டச் சொல்லணும். அவ வீட்டுக் குட்டையில ஏதோ ஒரு ராணியோட குதிர தண்ணி குடிச்சுதாம். பத்து வருஷமா அதே குதிர, அதே தண்ணி. ஒருநாள் ஒரு விருந்துல மறுபடி ஆரம்பிச்சா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'எங்க வீட்ல சர் பெரக்ரினே ஒளிஞ்சிருந்தாரு'ன்னு சொல்லிட்டேன்.

ஆமா. நான்தான்.

பெரக்ரின்ங்கறது, நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப இதே வீட்ல எங்கப்பா வளத்த நாய்ம்மா. இடி இடிச்சா மாடிப்படிக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கும், மூணு நாள் வெளிய வராது. முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது பாருங்க.

தப்பு என்னுதில்ல! பக்கத்துல இருந்த ஓல்ட்ராய்ட் என்ன சொன்னாரு தெரியுமா? 'ரொம்ப சுவாரசியமா இருக்கே'ன்னாரு. நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்? 'போதும் நிறுத்து, ஒரு வார்த்தயும் நம்பல'ன்னு அர்த்தம். 'ஒருநாள் கண்டிப்பா வீட்டுக்கு வாங்க'ன்னா வந்து தொலைச்சிடாதன்னு அர்த்தம். பச்சக் கொழந்தைக்குத் தெரியும். சரி, இவரு நம்பலன்னு தைரியமா அடிச்சு விட்டேன்! தொப்பியில நீல எறகு இருந்துச்சு, எங்க வம்சத்துப் பொண்ணு ஒருத்தி பாவாடைக்குள்ள ரொட்டிய மறைச்சு எடுத்துட்டுப் போயிக் குடுத்தா, இன்னும் என்னென்னவோ. அந்த ஆளு வடக்க யார்க்‌ஷயர்க்காரர்னு ஒருத்தரும் சொல்லலியே! அவங்க ஊர்ல சுவாரசியமா இருக்குன்னா... சுவாரசியமா இருக்குன்னு அர்த்தமாம்! மறுநாள் காலைல அளவு டேப்போட வாசல்ல நிக்கறாரு.

இதோ, இதுதான் கவுன்சிலுக்கு எழுதின லெட்டர். நாய் பேரு உட்பட எல்லாத்தயும் ஒத்துக்கிட்டேன். மன்னிக்கவும்னு பதினோரு தடவ எழுதியிருக்கேன். சனிக்கெழம வாசல்ல 'சர் பெரக்ரின் ஒளிந்த வீடு'ன்னு பலக மாட்டறாங்க. மாட்டிட்டா முடிஞ்சுது, ஆயுசுக்கும் கீழ கக்கூஸ் கெடையாது. இன்னிக்குப் பன்னண்டு மணித் தபால்ல இது போயாகணும்.

போயாகணும்.

ஆனா பாருங்க... ஓல்ட்ராய்ட் வாராவாரம் வியாழக்கெழம ஆளுங்களக் கூட்டிட்டு வர்றாரு. பதினஞ்சு பேரு. செட்ரிக்தான் கத சொல்றது. நாப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வாயத் தொறக்காத மனுஷன்மா. கால் மேல கம்பளியப் போத்திக்கிட்டு, பொந்துக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, 'உள்ள இருட்டு. மூச்சு விட்டா வெளிய கேக்கும்'னு சொல்லி நிறுத்துவாரு. பதினஞ்சு பேரும் மூச்சப் புடிச்சிட்டு நிப்பாங்க. போன வாரம் ஒருத்தி அழுதே போட்டா. அவருக்கு நாய் விஷயமே தெரியாது. கடேசியில என்னக் கை காட்டி, 'ரொட்டி கொண்டு போன அந்தப் பொண்ணோட தைரியம் இவகிட்டயும் இருக்கு'ங்கறாரு. கல்யாணம் ஆகி நாப்பத்தாறு வருஷத்துல நாலு பேர் முன்னாடி என்னப் பத்தி அவரு ஒரு நல்ல வார்த்த பேசி நான் கேட்டதில்லம்மா. எனக்கு வெக்கமா இருக்கு, சந்தோஷமாவும் இருக்கு, என்ன செய்யறதுன்னே தெரியல.

அடுத்தது யாருன்னு கூப்பிடறா. நீங்க போங்க. இல்லல்ல, நீங்க மொதல்ல போங்க, உங்க கையில பெரிய பார்சல் இருக்கு. எனக்கென்ன அவசரம்? ஒம்பது மணிலேந்து பதினொரு பேர விட்டிருக்கேன், நீங்க பன்னண்டாவது.

என்ன? ...வியாழக்கெழம எத்தன மணிக்கா? அம்மாடி, நான் இவ்வளவு நேரம் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா? நாய்ம்மா அது! நாய்! ...பரவால்லியா? உங்க வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வர்றீங்களா?

...ரெண்டரைக்கு. பச்சக் கதவு. சீக்கிரமா வந்து முன்னாடி நின்னுக்கோங்க, பின்னாடி நின்னா அவரு குரல் கேக்காது. இருங்க, இந்த லெட்டர கைப்பைக்குள்ள வெச்சுக்கறேன், நனைஞ்சிரும். ஒண்ணே ஒண்ணும்மா... அவரு எதிர்ல டீ மட்டும் குடிச்சிராதீங்க.